‘நேற்று இரவு எத்தனை தலையணை?’ – நாள்பட்ட நோயும் செவிலியர் பராமரிப்பும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நாள்பட்ட நோயாளிகளுக்கான செவிலியர் பராமரிப்பு குறித்துக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நோயாளிகள் எழுதியவை அல்ல; அவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் மகளும் மருமகளும் மனைவியும் எழுதியவை. வார்டிலும், பிறகு செவிலியர் பயிற்சிப் பள்ளியிலும் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். மருந்தின் பெயரையும் அளவையும் கேட்டவர்களுக்கு இங்கே பதில் இல்லை; அது நோயாளியை நேரில் பார்க்கும் மருத்துவர் சொல்ல வேண்டியது.

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 71. இதயத்தின் பம்ப் செய்யும் திறன் 30 சதவீதம்தான் என்கிறார்கள். நான்கு மாதத்தில் மூன்று முறை மூச்சிரைப்போடு மருத்துவமனையில் சேர்த்துவிட்டோம். இம்முறை டிஸ்சார்ஜ் ஆகும்போது, ‘மாதம் ஒருமுறை செவிலியரைப் பாருங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்த்தால் போதும்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். டாக்டருக்கு நேரமில்லாததால் எங்களைத் தள்ளிவிடுகிறார்களோ என்று தோன்றுகிறது. நர்ஸ் என்ன செய்துவிட முடியும்?
— வாசகி, காரைக்குடி

பதில்: உங்கள் சந்தேகத்தில் தவறில்லை. ஆனால் இதயச் செயலிழப்பு (உங்கள் அப்பாவைப்போல் இதயம் போதிய அளவு பம்ப் செய்ய முடியாத நிலை) உள்ளவர்கள் திரும்பத் திரும்ப மருத்துவமனைக்கு வருவதற்கான காரணம் பல நேரங்களில் மருத்துவரின் அறையில் இருப்பதில்லை. சமையலறையிலோ பேருந்து நிலையத்திலோ இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் செவிலியரின் வேலை.

நான் பணியில் இருந்தபோது ஒரு பெரியவர், வாரம் இருமுறை சந்தைக்குத் துணி மூட்டையோடு போய் வியாபாரம் செய்பவர், அடிக்கடி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து படுப்பார். ‘மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்டவர்கள் எல்லோருக்கும் ‘சாப்பிடுறேம்மா’ என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. மாத்திரையின் அளவும் ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போனது. என்னோடு பணிபுரிந்த செவிலியர் ஒருவர் கேள்வியை மாற்றிக் கேட்டார்: ‘சந்தைக்குப் போற நாள்ல, காலையில எழுந்ததுல இருந்து என்னென்ன செய்வீங்க, வரிசையாச் சொல்லுங்க ஐயா.’ குளிப்பது, டீ குடிப்பது, மூட்டை கட்டுவது என்று சொல்லிக்கொண்டே வந்தவர், மாத்திரை என்று வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரையைப் போட்டால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் சிறுநீர் முட்டத் தொடங்கிவிடும். பேருந்தோ இரண்டு மணி நேரப் பயணம். இறங்கும் இடத்தில் ஒதுங்க வழியில்லை. ஆகவே சந்தை நாட்களில் அவர் அந்த மாத்திரையை மட்டும் விட்டுவிடுவார். அன்று மதியச் சாப்பாடு சந்தையிலேயே, உப்பு மிகுந்த கருவாட்டுக் குழம்போடு. செவிலியர் இதை மருத்துவரிடம் சொன்னார். சந்தை நாட்களில் மட்டும் அந்த மாத்திரையை வீடு திரும்பிய பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று மருத்துவர் மாற்றி எழுதினார். புதிய மருந்து எதுவும் தேவைப்படவில்லை. (இது அவருக்கு அவருடைய மருத்துவர் சொன்னது, உங்கள் அப்பாவுக்கு நீங்களாக நேரத்தை மாற்றிவிடாதீர்கள்.)

உங்கள் அப்பாவைப் பார்க்கும் செவிலியர் ‘நேற்று இரவு எத்தனை தலையணை வைத்துப் படுத்தீர்கள்?’ என்று கேட்டால், அதைப் பேச்சுக்குக் கேட்ட கேள்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தலையணை போதும் என்றிருந்தவர் இரண்டு, மூன்று என்று உயர்த்தினால், மல்லாந்து படுக்க முடியாத அளவுக்கு நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். அதேபோல் எடை. காலையில் எழுந்து, சிறுநீர் கழித்த பிறகு, காபி குடிக்கும் முன்பு, ஒரே மெஷினில் ஏறி நின்று, வரும் எண்ணைத் தினசரி காலண்டர் தாளில் எழுதி வையுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது சாப்பாட்டால் ஏறிய எடை அல்ல, உடம்பில் தேங்கிய நீர்; அன்றைக்கே தொலைபேசியில் சொல்ல வேண்டும். காலில் வீக்கம் தெரியட்டும் என்று காத்திருந்து மருத்துவமனைக்கு ஓடுபவர்கள் பல நாட்களை வீணாக்கியிருப்பார்கள். உப்பும் உடம்பில் நீரைத் தேக்கும், அதிலும் கவனம் வேண்டும்: ‘குழம்பில் உப்பே போடுவதில்லை’ என்று சொல்லும் வீடுகளில், தட்டின் ஓரத்தில் ஊறுகாயும் அப்பளமும் மோர் மிளகாயும் இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இவை அனுபவக் கதைகள் மட்டுமல்ல. 1995இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 70 வயதைக் கடந்த 282 இதயச் செயலிழப்பு நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் செவிலியர் தலைமையில் ஒரு குழுவை அமைத்து, உணவு, மருந்து, வீடு திரும்பிய பின் தொடர் விசாரிப்பு ஆகிய அனைத்தையும் அவர்கள் பொறுப்பில் விட்டு ஆராய்ந்தார்கள். 90 நாட்களில் வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 94 முறை மறுபடியும் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. செவிலியர் பிரிவில் 53 முறை. வாழ்க்கைத் தரமும் இவர்களுக்கே கூடுதலாக உயர்ந்திருந்தது. மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்: நெதர்லாந்தில் 1,023 நோயாளிகளை 18 மாதங்கள் தொடர்ந்து, 2008இல் முடிவு வெளியிட்ட ஆய்வில், இதயச் செயலிழப்புச் செவிலியரின் கூடுதல் கவனிப்பால் இறப்பும் மறுசேர்க்கையும் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. அங்கே ஒப்பீட்டுப் பிரிவில் இருந்தவர்களும் இதயநோய் மருத்துவரிடம் ஒழுங்காகப் போய்வந்துகொண்டிருந்தவர்கள். கவனிப்பு ஏற்கெனவே நன்றாக இருக்கும் இடத்தில் செவிலியர் கூட்டக்கூடியது குறைவு, இல்லாத இடத்தில் அதிகம் என்றுதான் இரண்டையும் சேர்த்துப் படிக்கிறேன். நான்கு மாதத்தில் மூன்று முறை சேர்ந்த உங்கள் அப்பா எந்த வகை என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் அடுத்த முறை போகும்போது இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எடை திடீரென்று ஏறினால் அழைக்க எண் உண்டா? அப்படி அழைத்தால் அந்தச் செவிலியர் அன்றே பேசக்கூடிய மருத்துவர் யார்? இரண்டுக்கும் தெளிவான பதில் வந்தால் மன நிம்மதியோடு போங்கள். வரவில்லையென்றால், தள்ளிவிடுகிறார்கள் என்ற உங்கள் சந்தேகம் சரிதான்.

கேள்வி: செவிலியர் பராமரிப்பால் நோயாளியின் ‘வாழ்க்கைத் தரம்’ உயர்கிறது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். ரத்த அழுத்தத்தை அளக்கலாம், சர்க்கரையை அளக்கலாம். வாழ்க்கைத் தரத்தை எதை வைத்து அளக்கிறார்கள்? வசதியான வீட்டில் இருப்பவருக்குத் தரம் தானாகவே அதிகம் வந்துவிடாதா?
— ஓய்வு பெற்ற கணித ஆசிரியர், கோயம்புத்தூர்

பதில்: கேள்விகளைக் கேட்டுத்தான் அளக்கிறார்கள், ஐயா. உலக சுகாதார நிறுவனம் 1990களில் இதற்காக ஒரு வினாத்தாளை உருவாக்கியபோது, அது ஏதோ ஒரு மேலை நாட்டு ஊரில் எழுதப்பட்டு மற்றவர்களுக்கு மொழிபெயர்க்கப்பட்டதாக இருக்கக் கூடாது என்பதற்காக, உலகெங்கும் 15 மையங்களில் ஒரே நேரத்தில் மக்களிடம் பேசி அதை உருவாக்கினார்கள். அந்தப் பதினைந்தில் சென்னையும் ஒன்று. முதலில் 100 கேள்விகள் இருந்தன. பின்னர் நடைமுறைக்கு ஏற்ற 26 கேள்விகளாகச் சுருக்கினார்கள். உடல், மனம், மற்றவர்களோடு உள்ள உறவு, சூழல் என்று நான்கு பகுதிகள். நீங்கள் சொல்லும் வசதியான வீடு நான்காம் பகுதியில் மட்டும்தான் வரும். அதிலும் வீட்டின் பரப்பளவைக் கேட்பதில்லை, இருக்கும் இடம் உங்களுக்குத் திருப்தியாக இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். வலியால் செய்ய வேண்டியதைச் செய்ய முடியாமல் போகிறதா, தூக்கம் எப்படி, நடமாட முடிகிறதா, உங்களையே உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்றெல்லாம் மற்றப் பகுதிகளில் வரும்.

கணித ஆசிரியர் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: இந்த எண்கள் ஒருவரை மற்றவரோடு ஒப்பிட அவ்வளவாகப் பயன்படுவதில்லை. ஒருவருடைய போன மாத எண்ணையும் இந்த மாத எண்ணையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில்தான் பயன் இருக்கிறது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவருக்கு நுரையீரல் சோதனையின் அளவு ஆண்டு முழுதும் மாறாமலே இருக்கலாம். ஆனால் இன்ஹேலரை அழுத்தும் கணமும் மூச்சை இழுக்கும் கணமும் ஒன்றாக வருமாறு செவிலியர் பழக்கிவிட்ட பிறகு, உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சு விடக் கற்றுக்கொண்ட பிறகு, அவர் தெருமுனைக் கோயில்வரை நடந்துபோய்த் திரும்புகிறார். கருவி காட்டாத அந்த மாற்றத்தை வினாத்தாள் காட்டிவிடும்.

கேள்வி: அம்மாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை, எட்டு வருடமாக இன்சுலின். அளவைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள், சர்க்கரையோ ஒரு நாள் 300, மறுநாள் 60 என்று குதிக்கிறது. உணவில் தவறு செய்கிறாள் என்று எல்லோரும் அம்மாவையே திட்டுகிறார்கள். அவள் செய்வதில்லை.
— வாசகி, தென்காசி

பதில்: அம்மாவை நம்புங்கள். நல்ல சர்க்கரை நோய்ச் செவிலியர் முதலில் உணவுப் பட்டியலைக் கேட்க மாட்டார். ‘ஊசி போடும் இடத்தைக் காட்டுங்கள் அம்மா’ என்பார். தொப்புளைச் சுற்றி விரல் நுனிகளால் மெல்லத் தடவிப் பார்த்தால், தோலுக்கு அடியில் ரப்பர்போல் தடித்த கட்டி தட்டுப்படும். பல ஆண்டுகள் ஒரே இடத்தில் ஊசி போடுவதால் கொழுப்பு அப்படித் தடித்துவிடுகிறது. அங்கே போட்டால் வலிப்பதில்லை என்பதால் நோயாளிகளும் அந்த இடத்தையே தேடிப் போடுவார்கள். ஆனால் அந்தக் கட்டியிலிருந்து இன்சுலின் ஒரு நாள் வேகமாகவும் ஒரு நாள் மெதுவாகவும் ரத்தத்தில் கலக்கும். உங்கள் அம்மாவின் 300க்கும் 60க்கும் காரணம் அதுவாக இருக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கட்டியை விட்டு நல்ல தோலுக்கு மாறும்போது இன்சுலின் முழுதாகப் பிடித்து, சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். ஆகையால் மருத்துவரிடம் சொல்லாமல் இடத்தை மாற்றாதீர்கள்.

பார்க்க வேண்டிய இன்னொன்று ஊசியின் மூடி. நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லி லிட்டருக்கு 40 யூனிட் உள்ளது; அதற்கான ஊசிக்குச் சிவப்பு மூடி. 100 யூனிட் இன்சுலினுக்கான ஊசிக்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி ஊசியில் 40 என்ற கோடுவரை இழுத்தால் உடம்புக்குப் போவது 16 யூனிட்தான். மருந்துக் கடையில் சிவப்பு தீர்ந்துபோய் ஆரஞ்சைக் கொடுத்தார்கள் என்றால், அந்த வாரம் முழுதும் சர்க்கரை ஏன் ஏறியது என்று யாருக்கும் விளங்காது. மில்லி லிட்டருக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினைச் சிவப்பு மூடி ஊசியில் இழுத்தாலோ இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். அது உயிருக்கே ஆபத்து. அம்மாவின் மருந்துப் பையை அப்படியே எடுத்துக்கொண்டு செவிலியரிடம் போங்கள். குப்பி, ஊசி, பழைய ஊசிகளைப் போட்டு வைக்கும் டப்பா எல்லாவற்றையும். அவர் கண் முன்னால் அம்மா ஒரு முறை மருந்தை இழுத்துக் காட்டட்டும்.

கேள்வி: பாட்டிக்கு மார்பகப் புற்றுநோய், இனிச் சிகிச்சை இல்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். புண்ணிலிருந்து வரும் வாடையால் பாட்டி யாரையும் அறைக்குள் விடுவதில்லை. கொள்ளுப்பேரனைக்கூடத் தூக்குவதில்லை. அரசாங்கத்தில் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள் என்கிறார்களே, உண்மையா?
— வாசகர், தருமபுரி

பதில்: உண்மை. உங்கள் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில், சாமனப்பள்ளி என்ற கிராமத்தில்தான் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டது. பிரஷர், சர்க்கரை மாத்திரையைப் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதைத்தான் பலரும் அறிவார்கள். அதே திட்டத்தில், வட்டார அளவில் நோய்த் தணிப்புச் சிகிச்சைக்கென (குணப்படுத்த முடியாத நோயிலும் வலியையும் வேதனையையும் குறைக்கும் பராமரிப்பு) ஒரு செவிலியரும் ஓர் இயன்முறை மருத்துவரும் இருக்கிறார்கள் என்பது பல வீடுகளுக்குத் தெரியவில்லை. 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருது இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் தங்கள் வட்டாரச் செவிலியரின் எண்ணைக் கேட்டு வாங்கியிருப்பார்கள் என்று தெரியவில்லை. ஊரில் உள்ள தன்னார்வலரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பாட்டியின் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். 104 என்ற எண்ணிலும் விசாரிக்கலாம்.

வாடையைப் பற்றி. அழுகும் புண்ணில் வளரும் ஒரு வகைக் கிருமிகளால்தான் அந்த நாற்றம் வருகிறது. பாட்டியின் சுத்தக் குறைவால் அல்ல, இதை அவரிடமே சொல்லுங்கள். நோய்த் தணிப்புச் செவிலியர்கள் உப்பு நீரால் புண்ணைக் கழுவி, மருத்துவரின் அறிவுரைப்படி மெட்ரோனிடசோல் மாத்திரையை நன்றாகப் பொடித்துப் புண்ணின் மேல் தூவிக் கட்டுவார்கள். விலை மிகக் குறைந்த மாத்திரை அது. சில நாட்களில் வாடை பெரும்பாலும் அடங்கிவிடும். ஒட்டிக்கொண்ட பழைய துணியைப் பிய்த்து இழுக்காமல், உப்பு நீரில் ஊறவைத்து எடுத்தால் வலியும் ரத்தக் கசிவும் குறையும். இதைச் செவிலியர் ஓரிரு முறை செய்து காட்டினால் வீட்டில் ஒருவர் கற்றுக்கொள்ளலாம்.

வலி இருந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். வாய்வழி மார்ஃபின் மாத்திரையை மருத்துவமனைகள் வைத்திருப்பதற்கான சட்டச் சிக்கல்கள், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 2014ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பெரிதும் குறைந்துள்ளன. ‘அடிமையாகிவிடுவார்’ என்ற பயம் இங்கே தேவையில்லை; ஆனால் மலச்சிக்கல் நிச்சயம் வரும், அதற்கான மருந்தையும் சேர்த்தே கேட்டு வாங்க வேண்டும். மார்ஃபின் எழுதிக் கொடுத்துவிட்டு மலமிளக்கியை மறந்துவிட்ட சீட்டுகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதைக் கண்டுபிடித்து மருத்துவரிடம் சொல்பவர்கள் பெரும்பாலும் செவிலியர்கள்தான்.

நோய்த் தணிப்புச் சிகிச்சையின் முன்னோடியான சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் முதலில் செவிலியர். பிறகு சமூகப் பணியாளர். அதன் பிறகுதான் மருத்துவர். 1967இல் லண்டனில், இறுதிக்கால நோயாளிகளுக்காக அவர் தொடங்கிய இல்லத்திலிருந்துதான் இந்தத் துறை உலகெங்கும் பரவியது. உடலின் வலியோடு மனத்தின் வலியும் உறவுகளின் வலியும் சேர்ந்ததே நோயாளியின் வேதனை என்று அவர் சொன்னது, கொள்ளுப்பேரனைத் தூக்க மறுக்கும் உங்கள் பாட்டிக்கு அப்படியே பொருந்துகிறது. நம் பக்கத்தில் கேரளம் இதில் வெகுதூரம் போய்விட்டது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறு பிரிவாகத் தொடங்கியது, 2008இல் மாநிலத்தின் கொள்கையாகி, இன்று பஞ்சாயத்துதோறும் செவிலியர் வீடு வீடாகப் போகும் ஏற்பாடாக வளர்ந்திருக்கிறது.

கேள்வி: செவிலியர் மருந்து எழுதித் தரலாமா?
— வாசகர், மதுரை

பதில்: பிரிட்டனில், கூடுதல் பயிற்சி பெற்ற செவிலியர்கள் 2006 முதல் பெரும்பாலான மருந்துகளைத் தாங்களே எழுதுகிறார்கள். இந்தியாவில் பொதுவாக அந்த உரிமை இல்லை. மருத்துவர் எழுதிய மருந்தைத் தொடர்ந்து கொடுக்கலாம், மாற்ற வேண்டும் என்று தோன்றினால் மருத்துவரிடம் சொல்லலாம். மருத்துவருக்குப் பதிலாகச் செவிலியர் ஆரம்பநிலைச் சிகிச்சை அளித்த 18 ஆய்வுகளைத் தொகுத்து, மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு 2018இல் வெளியிட்ட மதிப்பாய்வு, நோயாளிகளின் நலம் குறையவில்லை என்றும், அவர்களுடைய திருப்தி சற்றே கூடியிருந்தது என்றும், செவிலியர் ஒவ்வொருவரிடமும் அதிக நேரம் செலவிட்டார்கள் என்றும் சொல்கிறது. அவற்றில் பெரும்பாலானவை பணக்கார நாடுகளில் நடந்தவை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றாநோய்ப் பிரிவில் ஒப்பந்தச் செவிலியராக இருக்கிறேன். காலை ஒன்பது மணிக்கே நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். பிரஷர் பார்த்து, சர்க்கரை பார்த்து, கணினியில் ஏற்றி, மாத்திரை கொடுக்கவே நேரம் போதவில்லை. ‘நோயாளியின் வாழ்க்கைத் தரம்’ என்று பயிற்சி வகுப்பில் பேசுகிறார்கள். எனக்குச் சிரிப்புதான் வருகிறது.
— பெயர் வெளியிட விரும்பாத செவிலியர்

பதில்: சிரிப்பு வருவதில் வியப்பில்லை, தங்கச்சி. மேலே நான் சொன்ன ஆய்வுகள் எல்லாவற்றிலும் செவிலியர் கையில் இருந்த முதல் மருந்து எது என்றால், நேரம்தான். அதை எடுத்துவிட்டு, பதிவேட்டை மட்டும் கொடுத்து, அதற்கும் செவிலியர் தலைமையிலான பராமரிப்பு என்றே பெயர் வைத்தால், வெளிநாட்டில் கிடைத்த பலன் இங்கே எப்படிக் கிடைக்கும்? ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் செவிலியரை வைத்திருப்பதிலும் இதே கோளாறு உண்டு. பத்து ஆண்டுகள் ஒரே நோயாளியைத் தொடர்ந்து பார்ப்பதுதான் நாள்பட்ட நோய்ப் பராமரிப்பின் அடிப்படை. அடுத்த ஆண்டு இருப்போமா என்று தெரியாதவரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. இதைச் சங்கமும் அரசும் பேசித் தீர்க்க வேண்டும். பயிற்சி வகுப்பு தீர்க்காது.

அதுவரை செய்யக்கூடியது ஒன்றுண்டு, என் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. நூறு பேரிடமும் எல்லாவற்றையும் கேட்க முடியாது. ரத்த அழுத்தப் பட்டையைக் கையில் சுற்றும்போது எப்படியும் ஒரு நிமிடம் நோயாளி உங்கள் அருகில் உட்கார்ந்திருக்கிறார். அளக்கும்போது பேசக் கூடாது, அளவு தவறிவிடும். பட்டையைக் கழற்றும்போது ஒரே ஒரு கேள்வி: ‘இந்த நோய் வந்த பிறகு எதைச் செய்ய முடியாமப் போச்சு?’ ‘எப்படி இருக்கீங்க?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கேன்’ என்றுதான் பதில் வரும். இதற்கு அப்படிச் சொல்லிவிட முடியாது. ‘களையெடுக்கக் குனிஞ்சா தலை சுத்துது’ என்று ஒருவர் சொல்வார். அவருக்கு நின்ற நிலையிலும் ஒருமுறை பிரஷர் பாருங்கள், மாத்திரை கூடிவிட்டிருக்கலாம். ‘செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியலை’ என்று இன்னொருவர் சொல்வார். சர்க்கரையால் பாதம் மரத்துப்போயிருக்கலாம், அதை அன்றே பார்த்தாக வேண்டும். பெரும்பாலானவர்களின் பதிலுக்கு உடனே எதுவும் செய்ய வேண்டியிருக்காது. உடனே கவனிக்க வேண்டியவர்கள் ஒரு நாளைக்கு நான்கைந்து பேர்தான் இருப்பார்கள். அவர்களுடைய அட்டையின் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, கூட்டம் குறையும் பன்னிரண்டு மணிக்கு மேல் உட்கார வைத்துப் பேசுங்கள்.

கேள்வி: படுத்த படுக்கையான மாமனாருக்கு ஏஜென்சி மூலம் ‘ஹோம் நர்ஸ்’ வைத்திருக்கிறோம். அவர் உண்மையில் நர்ஸ்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகி, சென்னை

பதில்: பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். மூன்றாண்டு டிப்ளமோவோ நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங்கோ முடித்தவர், நர்சிங் கவுன்சில் என்று நாம் சொல்லும் மாநிலப் பதிவுக் குழுமத்தில் பதிவு செய்திருப்பார். அது இல்லாதவர் உதவியாளர். உதவியாளர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குளிப்பாட்டவும் ஊட்டவும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கவும் பொறுமையுள்ள உதவியாளர் போதும், சம்பளமும் குறைவு. ஊசி, மூக்குக்குழாய், சிறுநீர்க் குழாய் ஆகியவற்றை மட்டும் அவரிடம் விடக் கூடாது. வாட்டர் பெட் வாங்கிவிட்டோம், இனிப் புரட்ட வேண்டாம் என்று அவர் சொன்னால் ஏற்காதீர்கள். மாலையில் ஒருமுறை மாமனாரின் இடுப்புக்குக் கீழும் குதிகாலிலும் நீங்களே பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தபின் அது வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது.

கேள்வி: கணவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து, இரண்டு வருடமாக வீட்டிலேயே வயிற்றின் வழியாக டயாலிசிஸ். தினம் நான்கு முறை டயாலிசிஸ் திரவப் பையை மாற்றுவது நான்தான். மகனின் கல்யாணத்துக்குக்கூட மண்டபத்தில் ஒரு அறையைப் பூட்டிக்கொண்டு பை மாற்றினேன். எல்லோரும் அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கிறார்கள்.
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் அம்மா?

உங்கள் கடிதத்தில் கேள்வியே இல்லை. ஆனால் கடைசி வரியில் எல்லாம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய மூவாயிரம் முறை கை கழுவி, மின்விசிறியை நிறுத்தி, முகக்கவசம் கட்டி, பை மாற்றியிருக்கிறீர்கள். மருத்துவமனையில் இதைச் செய்யும் செவிலியருக்கு வார விடுமுறை உண்டு. உங்களுக்கும் அது வேண்டும். இந்த டயாலிசிஸைக் கற்றுக்கொடுத்த செவிலியரிடம், உங்கள் மகனுக்கோ மருமகளுக்கோ, ஏன், கைகள் நடுங்காமல் கண் நன்றாகத் தெரிந்தால் உங்கள் கணவருக்கேகூடப் பயிற்சி தரச் சொல்லுங்கள். பல நோயாளிகள் தாங்களாகவே பை மாற்றிக்கொள்கிறார்கள். முதலில் ஞாயிற்றுக்கிழமை மதியப் பை ஒன்றை மட்டும் வேறொருவர் மாற்றட்டும். நான்கு முறை என்பதை மூன்றாகக் குறைக்க முடியுமா, அல்லது இரவில் இயந்திரமே மாற்றிக்கொள்ளும் முறை அவருக்குப் பொருந்துமா என்றும் அடுத்த சந்திப்பில் சிறுநீரக மருத்துவரைக் கேளுங்கள்.

இன்னொன்று: அடுத்த முறை போகும்போது உங்களுக்கும் ஓ.பி. சீட்டு போட்டு, உங்கள் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பாருங்கள். இரண்டு ஆண்டுகளாக அந்த மருத்துவமனைக்கு மாதந்தோறும் போய்வருகிறீர்கள், உங்கள் கையில் யாரும் பட்டையைச் சுற்றியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். புதிதாகப் பழகுபவர் பை மாற்றும் முதல் சில வாரங்களுக்கு, வெளியே வரும் திரவத்தை வெளிச்சத்தில் பிடித்து, பைக்குப் பின்னால் வைத்த செய்தித்தாளின் எழுத்துத் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்கப் பழக்குங்கள். கலங்கித் தெரிந்தால் அந்தப் பையைக் கொட்டிவிடாமல், அதையும் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.